சுனையாத்தா பேருக்கு வந்த நோட்டீஸ்

1

இந்தத் தையோடு நாங்கள் தான்சானியாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வருடா வருடம் தை பிறந்ததும் ஊரில் இருப்பவர்களுக்காக நாலு பக்கம் எழுதுவேன். இங்கே மழை எப்படி, கறிவேப்பிலை கிடைக்கிறதா, இங்கத்தி ஜனங்கள் நம்மிடம் எப்படிப் பழகுகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த வருடம் அதெல்லாம் எழுத வரவில்லை. போன வருடத்தில் மூன்று மாதத்தை நான் பயத்திலேயே கழித்தேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பயம்தான் முதலில் வந்து நிற்கிறது. எட்டாவது வரைக்கும் படித்தவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் பிறந்தவன். தண்ணீருக்குப் போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஹெல்ப்பராக ஏறி டிரில்லர் ஆனேன். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் கப்பலில் வண்டி ஏற்றி அனுப்பியபோது, அதற்குப் பின்னாலேயே இந்த டொடோமா ஊருக்கு வந்து சேர்ந்தேன். நம் நாமக்கல் பக்கம் மாதிரியே வெயில், செம்மண், கல்லுப் பாறை. பதினோரு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு பழைய ரிக் வாங்கினேன். அன்றைக்கே முன் கண்ணாடிக்கு மேலே எங்கள் குலதெய்வத்தின் பேரை எழுதினேன். மேலே தமிழில் ‘சுனையாத்தா’, கீழே இங்கிலீஷில் அதுவே. கம்பெனிக்கும் அந்தப் பேர்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இன்டர்நெட்டில் இடம் பிடித்தபோதும் அதே பேர். சுனையாத்தா டாட் காம்.

இங்கே எனக்கு வேலை கொடுப்பவர்களில் முக்கால்வாசி வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனங்கள். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு போர் போட்டுக் கொடுக்க அவர்கள் ஆள் தேடுவது இன்டர்நெட்டில்தான். எங்கள் மெயிலும் அந்தப் பேரில்தான் ஓடுகிறது. அந்தப் பேர் போனால் நான் எங்கே இருக்கிறேன் என்றே ஒருத்தருக்கும் தெரியாது.

2

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளித்து, விளக்கு வைத்து, திருநீறு பூசிக்கொண்டு டீக்கு உட்கார்ந்தேன். அன்றைக்குத் தண்ணீர் ஆபீசுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு போர் போட வேண்டுமென்றால் அந்த ஆபீசில் பர்மிட் வாங்க வேண்டும். மூன்று ஜன்னலில் மூன்று முத்திரை. வேலை முடிந்து கிளம்பும்போது அவர்கள் பாஷையில் நன்றி சொல்ல ‘அசன்டே’ என்பார்கள். எனக்கோ நம்மூர் வாய். வந்த புதிதில் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்த்து ‘அசன்டேங்க’ என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்தால் ‘அசன்டேங்க’ என்றுதான் சிரிக்கிறார்கள்.

அந்த ஜன்னல்களை நினைத்துக்கொண்டிருக்கையில் மகள் நிவேதா போனை நீட்டினாள். இங்கேயே காலேஜில் படிக்கிறாள். கம்பெனி மெயிலெல்லாம் அவள் பொறுப்பு.

"அப்பா, லீகல் நோட்டீஸ் வந்திருக்கு. சேலத்துல இருந்து."

"நம்மூர்ல இருந்தா? ஆராச்சும் கல்யாணப் பத்திரிகை அனுப்பிச்சிருப்பாங்க. நல்லாப் பாரு சாமி."

"கல்யாணப் பத்திரிகையில ‘ஏழு நாளைக்குள் ஒப்படைக்கவும், தவறினால் நடவடிக்கை’ன்னு போடுவாங்களாப்பா?"

அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். சேலத்துக்குப் பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் அடைத்து விற்கிற ஒரு கம்பெனி. அவர்கள் தண்ணீரின் பேரும் சுனையாத்தா. அந்தப் பேரை டிரேட் மார்க் பதிந்து வைத்திருக்கிறார்கள். நான் அவர்களுடைய பேரை இன்டர்நெட்டில் பிடித்து வைத்திருக்கிறேனாம். ஏழு நாளில் கொடுத்துவிட வேண்டுமாம்.

நிவேதா ஏதோ கேட்டாள். எனக்குக் காதில் விழவில்லை. வக்கீல் நோட்டீஸ் என்றால் எங்கள் குடும்பத்தில் என் அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை, வாய்க்கால் தகராறில் வந்தது. அதை வாங்கிய கையோடு அவர் தறியில் உட்கார்ந்தவர் மாதிரி ஆடிக்கொண்டே மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். எனக்கும் அதே ரத்தம்தானே. பர்மிட் வாங்கப் போனவன், முதல் ஜன்னலிலேயே வேறு ஊர் பேப்பரை நீட்டித் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

3

பயந்தவன் முதலில் செய்கிற காரியம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். மத்தியானமே அந்தக் கம்பெனி நம்பரைத் தேடி, வக்கீலை விட்டுவிட்டு முதலாளிக்கே போன் போட்டேன்.

"ஏனுங்க, நான் தான்சானியாவுல இருந்து பேசறனுங்க. நீங்க நோட்டீஸ் உட்டிருந்தீங்களே, அந்த ஆளு."

"ஓ. சொல்லுங்க."

"நாங்களும் சுனையாத்தா கோயல் குடிப்பாட்டுதானுங்க. பரமத்திப் பக்கம்."

"அட, அப்படிங்களா! அப்ப பங்காளியாப் போச்சு. நாங்க கெழக்க வந்து ரெண்டு தலக்கட்டு ஆச்சுங்க. அப்பறம் என்னங்க, பங்காளிக்குள்ள என்ன வம்பு? பேரக் குடுத்துருங்க, முடிஞ்சுது."

குரல் நயமாகத்தான் இருந்தது. அந்த நயத்தில் எனக்கு உயிர் வந்தது. விட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

"குடுத்தர்றனுங்க. ஆனா ஆத்தா பேருங்க. வெறுங்கையில குடுக்கப்படாது. நம்ம கோயல்ல வெச்சு, வெத்தல பாக்கோட ஒன்னேகால் ரூவா வெச்சுக் குடுத்து வாங்கிக்குங்க."

அவர் சிரித்தார். "அவ்வளவுதானுங்களா? வக்கீல்கிட்டச் சொல்லிப்போடறனுங்க."

நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதை நெல்லோ, கன்றுக்குட்டியோ, சாமி சம்பந்தப்பட்ட பொருளோ, சும்மா எடுத்துக் கொடுத்தால் கொடுக்கிறவர் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும். வாங்குகிறவர் ஒரு வெற்றிலையில் காசு வைத்து நீட்டினால் அது கொடுத்த கணக்காகாது, வழியனுப்பி வைத்த கணக்கு. நான் சொன்னது அந்த அர்த்தத்தில்தான்.

என் மனைவி சரசு சமையல்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஆத்தா பேர எடுத்துக் குடுக்கறதுக்கு நீங்க ஆரு? உங்க பாட்டன் சம்பாரிச்சு வெச்ச தோட்டமா அது?"

"அவரும் பங்காளிதானாமா."

"பங்காளி வக்கீல வெச்சா பேசுவான்? அருவாள வெச்சுல்ல பேசுவான்!"

அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

4

இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. விட்டது சனி என்று நினைத்து, கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஊருக்குச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பெரிய இடி விழுந்தது.

இன்டர்நெட் பேர் தகராறுகளைத் தீர்க்கிறதுக்கென்று வெளிநாட்டில் ஒரு மையம் இருக்கிறதாம். அங்கே என் பேரில் புகார் பதிவாகியிருந்தது. எங்கள் டாட் காமைப் பூட்டிவிட்டார்கள். சைட் ஓடும், ஆனால் வேறு யார் பேருக்கும் மாற்ற முடியாது. இருபது நாளுக்குள் நான் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவர்கள் சொன்னதை வைத்தே தீர்ப்பு.

புகாரை நிவேதா சாப்பாட்டு மேசையில் விரித்துப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, அவங்ககிட்ட போன்ல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? குடுத்தர்றேன்னுதான் சொன்னேன்."

"‘பணம் தந்தால் பேரை விற்பதாக எதிர்த்தரப்பே போனில் ஒப்புக்கொண்டார்’னு போட்டிருக்கு. பேர புடிச்சு வெச்சுக்கிட்டு விக்கப் பாக்கறதுதான் இதுல பெரிய குத்தமாம். கெட்ட எண்ணத்துக்கு அதையே சாட்சியாக் காமிக்கறாங்க."

"ஒன்னேகால் ரூவாயா சாமி?"

"எவ்வளவுன்னு அவங்க போடலயேப்பா. பணம்னு மட்டும் போட்டிருக்காங்க."

‘கெட்ட எண்ணம்’ என்ற வார்த்தை அந்தப் புகாரில் பதினான்கு இடத்தில் இருந்தது. நிவேதா ஒவ்வொரு தடவை அதைத் தமிழில் சொல்லும்போதும் யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. திருட்டு, ஏமாற்று என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எண்ணத்தைப் பற்றிச் சொன்னால் என்ன செய்வது? அது உள்ளே அல்லவா இருக்கிறது.

இருபது நாளில் ஆறு நாளை வேறு நான் வீணடித்தேன். ஆத்தாளைக் கேட்காமல் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பரமத்தியில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்காரர் தங்கராசுக்குப் போன் செய்து, கோயிலில் பூ போட்டுப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இலையில் மடித்து வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு. பூசாரி வெள்ளிக்கிழமைதான் வருவார். வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன்.

"மாமா, வெள்ளப் பூ! வெள்ளப் பூ வந்துருச்சு! தைரியமா எழுதுங்க."

"என்னன்னு கேட்டு பூப் போட்டீங்க மாப்ள?"

"மாமன் ஜெயிப்பாரான்னுதான் கேட்டேன். வேறென்னத்தக் கேக்கறது?"

"ஜெயிப்பனான்னா கேட்டீங்க? நான் செஞ்சது சரியான்னுல்ல கேக்கோணும்!"

"அது எதுக்குங்க மாமா? ஜெயிச்சா சரின்னுதானே அர்த்தம்!"

தங்கராசு சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அந்த வெள்ளைப் பூ பயத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. சரியா என்று கேட்டிருந்தால் என்ன பூ வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

5

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மச்சினன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். சேலத்தில் மண்டபம். பந்தியில் இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். சோறு வருவதற்கு முன்னால் அதை எடுத்துப் பார்த்தேன். நீல எழுத்தில் ‘சுனையாத்தா’. கோபுரம் மாதிரி ஒரு படம். எங்கள் கோயிலுக்குக் கோபுரமே கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு கல்லு, பக்கத்தில் ஒரு சுனை, அவ்வளவுதான்.

பந்தி எழுந்ததும் பார்க்கிறேன், மேசைக்குக் கீழே நூறு பாட்டில் மிதிபட்டுக் கிடக்கிறது. ஆத்தா பேர் செருப்புக் காலுக்குக் கீழே. குனிந்து நாலைந்து பாட்டிலைப் பொறுக்கினேன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்க, வெளிநாட்டுல பழைய பாட்டிலுக்கு நல்ல வெலைங்களா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் பக்தியில்தான் கோபப்பட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். எவனோ ஒருத்தன் அதே பேரை வைத்து லட்சம் பாட்டில் ஓட்டுகிறான், நான் கண்காணாத காட்டில் ஒரே ஒரு பழைய வண்டியோடு நிற்கிறேன் என்று வயிறு எரிந்தது. மண்டபத்து வாசலில் நின்றபடியே நிவேதாவுக்குப் போன் போட்டு, "நம்ம பேர இன்டர்நெட்டுல இன்னைக்கே வாங்கிப்போடு" என்றேன். அவன் வாங்குவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். என் மனசில் இருந்தது அதுதான். நிவேதாவுக்கு ஏன் என்று நான் சொல்லவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் பத்தொன்பது வயதில் ரிக்கில் ஹெல்ப்பராக இருந்தபோது, வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டோம். பூமிக்குள் இறங்குகிற ஒவ்வொரு ராடும் இருபது அடி. எத்தனை ராடு இறங்கியது என்று வண்டிப் பக்கவாட்டில் சாக்பீஸில் கோடு போடுவது என் வேலை. அந்தக் கோட்டை எண்ணித்தான் தோட்டக்காரரிடம் கூலி வாங்குவார்கள். மத்தியானச் சோறு தின்றுவிட்டு நிழலில் கண்ணசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் எத்தனை போனது என்று தெரியாது. குத்துமதிப்பாக இரண்டு கோடு சேர்த்துப் போட்டேன். கடைசியில் தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்தது. முதலாளியைக் கேட்கவில்லை, என்னைக் கூப்பிட்டார். வாழை இலையில் சூடம் ஏற்றினார்.

"தம்பி, நீ சாமிக்குப் பயந்தவனாத் தெரியற. முப்பது ராடு எறங்குச்சுன்னா இத அணைச்சுச் சொல்லு."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். முப்பதாகவும் இருந்திருக்கலாம், இருபத்தெட்டாகவும் இருந்திருக்கலாம். இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மனிதர் அதோடு நம்பி, எங்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார். எனக்குக் கை வெந்ததோடு சரி, வேறு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருடமாக ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்த இரண்டு கோடு ஞாபகத்துக்கு வரும்.

6

பதினேழாவது நாள் நிவேதா பதிலை எழுதி முடித்துவிட்டாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய வண்டி போட்டோ, முதல் பர்மிட், கம்பெனி பதிந்த பேப்பர், தங்கராசு அனுப்பிய கோயில் போட்டோ, எல்லாம் வரிசையாகச் சேர்த்திருந்தாள். ஒன்னேகால் ரூபாய் என்றால் என்ன, வெற்றிலை எதற்கு என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதை எழுத அவள் அம்மாவிடம் இரண்டு நாள் கேள்வி கேட்டாள். கைக்குழந்தையாக வந்து இந்த ஊரிலேயே வளர்ந்த பிள்ளை. கோயில் என்றால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பொங்கல் வைத்தால் புகைக்குத் தள்ளி உட்காருவாள். நம்மிடமிருந்து எங்கோ போய்விட்டாள் என்று நானும் சரசுவும் பேசிப் பேசிக் கவலைப்பட்ட பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது பக்கத்தில் இப்படி வந்தது: ‘இந்தப் பேரை வாங்கும்போது புகார்தாரர் என்று ஒரு கம்பெனி இருப்பதே எதிர்த்தரப்புக்குத் தெரியாது.’

"இத ஆரு சொன்னா சாமி?"

"நானேதான் போட்டேன். நாம இங்க இருக்கோம், நமக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீர் குடித்தேன். அப்புறம் மண்டபம், பந்தி, வாசலில் நின்று போன் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

"அப்போ அவங்க சொல்றது நெசமாப்பா?"

"பாதி நெசம். பேரு நம்ம வண்டியில அதுக்கு முன்னால இருந்தே இருக்கறது நெசம். டாட் காம அவசரமா வாங்குனது அவங்க பாட்டிலப் பாத்து. அதும் நெசம்."

"அவங்களுக்கு விக்கலாம்னு நெனச்சீங்களா?"

"இல்ல."

"ஒரு நிமிசம்கூட?"

"விக்கறதுக்கு இல்ல சாமி. அவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

நிவேதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அப்பா, அது இதவிட மோசம்! இத எழுதினா தோத்துருவோம். அந்த வரிய எடுத்துர்றேன். தெரியும்னும் வேண்டாம், தெரியாதுன்னும் வேண்டாம். சும்மா உட்டுருவோம்."

அது பொய் இல்லையே என்று எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேப்பரின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் முழுசா, உண்மையாச் சொல்லியிருக்கோம்னு டிக் அடிக்கறது. எல்லாரும் அடிக்கறதுதான்."

"முழுசாவா?"

"அப்பா, அது ஒரு கட்டம். சூடம் இல்ல."

சரசு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "சூடமில்லாட்டி என்ன? அடிக்கறது அதே கைதானே?"

நிவேதா பொதுவாகச் சொன்னது அது; என் உள்ளங்கையைப் பற்றி சரசுவுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறேன்.

"பேரு போச்சுன்னா நம்ம வேல போச்சும்மா," என்றாள் நிவேதா. "உங்க ரெண்டு பேருக்கும் அது புரியுதா? அடுத்த வருசம் ஆரு நம்மளக் கூப்புடுவாங்க?"

பேர் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் பயம். பாட்டிலைப் பார்த்ததை மறைத்துப் பேரைக் காப்பாற்றினால் என்ன ஆகும் என்று நினைத்தாலும் பயம். இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறபோது, ஏற்கனவே ஒரு தடவை போய்ப் பார்த்த பக்கம் மறுபடியும் போக வேண்டாம் என்று தோன்றியது.

"எழுதிரு சாமி. பாட்டிலப் பாத்தேன், பொறாமப்பட்டேன், அன்னைக்கே வாங்கினேன்னு எழுது."

கோபத்தில் அவள் மூக்கு சிவந்துவிட்டது. அப்புறம் தட்டத் தொடங்கினாள். நடுவில் ஒரு தடவை மட்டும், என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "மிதிச்சது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சே, அதையும் போடட்டுமா?"

"அது நமக்குச் சாதகமா இருக்குமேன்னு போடறதா இருந்தா வேண்டாம்."

"நடந்துச்சுல்ல? முழுசான்னா அதும்தான்ப்பா."

நான் சரி என்றேன். டிக்கை நானே அடித்தேன். மூன்றாவது தடவைதான் அது கட்டத்துக்குள் விழுந்தது.

7

தீர்ப்பு வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டேன். வண்டியில் எழுதியிருக்கிற பேரைப் பார்க்கக் கூசி, வண்டிக்கு முன்னால் போகாமல் பின்பக்கமாகவே சுற்றி வந்து ஏறினேன்.

அந்த நாள் டொடோமாவுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளைகளெல்லாம் வகுப்பை விட்டுவிட்டு வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு மீட்டர் இறங்கியும் வெறும் சாம்பல் தூசிதான். என் ஃபோர்மேன் ஜுமா, ஒன்பது வருடமாக என்னோடு இருப்பவன், தூசியைக் கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து, இன்னும் இரண்டு ராடு போகலாம் என்று விரல் காட்டினான். அப்போது போன் அடித்தது.

"அப்பா, தீர்ப்பு வந்திருக்கு. நான் இன்னும் தெறக்கல. தெறக்கட்டுமா?"

கம்ப்ரஸர் சத்தத்திலிருந்து தள்ளி, ஒரு முள்மரத்தடிக்குப் போனேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

"தெற சாமி."

அவள் திறந்து படித்தாள்.

"தள்ளுபடி. புகாரத் தள்ளிட்டாங்கப்பா! பேரு நம்மகிட்டயே இருக்கும்."

அவள் படித்துக்கொண்டே போனாள். பாட்டில் வருவதற்கு முன்பிருந்தே வண்டியில் பேர் இருந்திருக்கிறது, அதனால் அந்தப் பேரில் எனக்கும் பாத்தியதை உண்டு என்று நடுவர் எழுதியிருந்தார். வெற்றிலைக் காசை விலை என்று சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவள் குரல் தணிந்தது.

"இன்னொன்னும் இருக்குப்பா. ‘எதிர்த்தரப்பு பொறாமையால் அவசரப்பட்டு வாங்கினேன் என்று தானே சொல்லியிருக்கிறார். அது பாராட்டத்தக்க காரியம் அல்ல. ஆனால் இந்த விதிகள் தண்டிக்கிற கெட்ட எண்ணம் அது அல்ல.’ இது எல்லாரும் படிக்கற மாதிரி இன்டர்நெட்டுல இருக்கும்ப்பா. எடுக்க முடியாது."

"இருக்கட்டும்," என்றேன்.

ஜெயித்தவனுக்குப் பயம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்த நடுவருடைய விதியில் தண்டனை இல்லை. அவ்வளவுதான் அவரால் சொல்ல முடியும். ஆத்தாளுடைய விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு யார் படித்துச் சொல்வார்கள்?

அந்த நேரத்தில் கம்ப்ரஸர் சத்தம் மாறியது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். குழாய் வாயிலிருந்து சாம்பல் தூசி சேறாகி, சேறு கலங்கலாகி, தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. வேலியோரப் பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். தண்ணீர் பார்த்ததும் நான் முதலில் ஆத்தா பேரைக் கூப்பிடுவதும், பின்னால் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கூப்பிடுவதும் எங்கள் வண்டியில் வழக்கம். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து நான் கூப்பிடவில்லை. அத்தனை மாதமும், எத்தனை போரில் தண்ணீர் வந்தும், ஆட்கள் ஒரு நிமிடம் என் வாயைப் பார்ப்பார்கள், அப்புறம் பேசாமல் குழாயைக் கழற்றப் போய்விடுவார்கள். ஏன் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

அன்றைக்கும் ஜுமா நனைந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினான். மற்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

கூப்பிடப் பயமாகத்தான் இருந்தது. கூப்பிட்டேன்.